பதினொண்ணும் எறங்கிடுச்சு

வண்டி தெருமுனையில் திரும்பி, மேளச் சத்தம் ரயில்வே கேட் பக்கமாகத் தேய்ந்துபோனதும், ஞானம்மாள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். எழுபது வயது அவளுக்கு. கூடப் பிறந்த தம்பியின் உடல் இன்னும் நெமிலிச்சேரியைத் தாண்டியிருக்காது. சற்று முன்புவரை மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள் இவள்தானா என்று கேட்கும்படி நடையில் ஒரு வேகம் வந்துவிட்டது.

“ஸ்வாதி, பக்கெட்ட எட்துகினு வாம்மா. மொதல்ல உள் ரூமு. அப்பால ஹாலு, வராந்தா. கடசீயா வாசலு. உள்ளருந்து வெளியதான் தள்ளணும். வெளியருந்து உள்ள ஒரு எல போவக் கூடாது.”

தம்பி மகன் ஆனந்தனின் மனைவி ஸ்வாதி காட்டுப்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவள். இந்த முறைகளெல்லாம் அவளுக்குப் புதிது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னதைச் செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

பார்வதம் வராந்தா மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்காரவைத்திருந்தார்கள் என்பதுதான் சரி. பிணம் படியிறங்கிவிட்டால் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு திரும்பி வந்து வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். செத்தவரின் பெண்டாட்டி மட்டும் ஒன்றையும் தொடாமல் ஓரமாக இருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவளை இப்படிச் சும்மா உட்காரவைத்தவர் ஒருவரும் இல்லை, புருஷன் அழகேசன் உட்பட.

அவள் கண் வாசலிலேயே இருந்தது. எட்டடி தூரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு நந்தியாவட்டைச் செடி. பாதிக் கிளைகளில் இலை இல்லை, வெறும் காம்பாக நின்றன. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு கிடந்தது. அந்தச் சருகுக்குள் பதினோரு கூட்டுப்புழு இருக்க வேண்டும்.

இருக்கிறதா என்பது பார்வதத்துக்குத் தெரியாது. இருப்பதாகப் புருஷனிடம் சொன்னவள் அவள்தான்.

உள் அறையில் துடைப்பம் சரக் சரக்கென்று கேட்க ஆரம்பித்தது. உள் அறை, ஹால், வராந்தா, அப்புறம் வாசல். மிஞ்சிப்போனால் அரைமணி நேரம்.

அழகேசன் ஆவடி ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் நைட் ஷிப்ட்டு. ஷெட்டுக்கு வெளியே பெரிய பெரிய விளக்குக் கம்பங்கள். ராத்திரி முழுக்க அந்துப்பூச்சிகள் அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றியே ஓய்ந்து விழும். விடிகாலையில் பெருக்குகிறவர்கள் அவற்றை வேர்க்கடலைத் தோல் மாதிரி குவித்து அள்ளுவார்கள். அந்தக் குவியலில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டு போர்த்தியதுபோல் ஒன்று இருந்ததாம், இன்னும் உயிரோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, வாசலுக்கு சிமென்ட் போட வந்த மேஸ்திரியைத் திருப்பி அனுப்பினார். நந்தியாவட்டை, அரளி, ஆமணக்கு என்று புழு தின்பதற்குச் செடிகள். பவழமல்லி, அந்திமந்தாரை, மதில்மேல் நித்யமல்லி என்று பூச்சி குடிப்பதற்குப் பூக்கள். வாசலில் இருந்த வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு, தகரக் குல்லா போட்ட சின்ன மஞ்சள் பல்பு ஒன்றை மாட்டினார். சருகைப் பெருக்கக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது. கொசு மருந்துப் புகை வண்டி தெருவுக்குள் வந்தால், கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு ஓடிச் செடிக்குப் போர்த்துவார். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? புழு வளர்க்கிற வீடு என்றே இந்த வீட்டுக்குப் பேர் ஆகிவிட்டது.

“எல்லாம் பட்டாம்பூச்சிக்குத்தான் தோட்டம் போட்றாங்க,” என்பார் பார்வதத்திடம். “அது ஜெனரல் ஷிப்ட்டு. நாலு பேர் பாக்கறான், போட்டா புடிக்கறான். இதுங்க நைட் ஷிப்ட்டு. நைட் ஷிப்ட்டுக்காரனுக்கு யார் கேன்டீன் தொறந்து வெக்கறது?”

“சாமிக்கு வெக்க ஒரு பூ இல்ல. புழுவுக்கு விருந்து,” என்பாள் அவள்.

“சாமிக்கு ஊரே வெக்குது. உடு.”

பார்வதத்துக்குப் புழு என்றால் உடம்பே கூசும். வந்த புதிதில் பூப்பறிக்கக் கிளையை வளைத்தபோது, விரல் மொத்தத்துக்குப் பச்சையாக ஒன்று கையில் பட்டது. தலைப்பக்கம் இரண்டு நீலக் கண், வால்பக்கம் ஒரு கொம்பு. அன்றிலிருந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அது கண்ணே இல்லை, பறவையைப் பயமுறுத்தப் போட்டிருக்கிற வேஷம் என்று அழகேசன் எவ்வளவோ சொன்னார். வேஷமோ நிஜமோ, அதன் பிறகு அவள் அந்தச் செடியின் பக்கம் போனதில்லை.

துடைப்பச் சத்தம் ஹாலுக்கு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. ஃப்ரீசர் பெட்டி இருந்த இடத்துக்கு வந்திருப்பாள் ஞானம்மாள். உள்ளேயிருந்து “யப்பா, என் ராசா” என்று ஒரு குரல், ஒரே ஒரு தரம். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். பிறகு மறுபடியும் சரக் சரக்.

பார்வதம் அழவில்லை. நேற்று மத்தியானம் மூச்சு அடங்கியதிலிருந்து அவளுக்கு அழுகை சரியாக வரவில்லை. நேற்று சாயங்காலம் பந்தல்காரர் டியூப் லைட்டைக் கொண்டுவந்து அந்த நந்தியாவட்டைக் கிளையிலேயே கட்டிவிட்டார். ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த யூசுப் வந்தவர், மாலையைக்கூடப் போடாமல் முதலில் அதை அவிழ்த்து கேட் கம்பியில் கட்டினார். “தப்பா நெனச்சுக்காத தங்கச்சி, அவன் பாத்தா பேஜாராயிடுவான்” என்றார். அப்போது மட்டும் அழுகை வரப் பார்த்தது. அதற்குள் யாரோ காப்பித் தம்ளரைக் கையில் திணித்துவிட்டார்கள்.

போன மாதம் அழகேசனுக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டன. இதயம் பலவீனம், படி ஏறி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். உள் அறைக் கட்டிலில் தலையணையை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். அந்த ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். படுக்கையில் விழுவதற்கு முதல் நாள் செடியில் பதினோரு புழுவை எண்ணி வைத்திருந்தார். அவை தின்று முடித்ததும் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகும். தண்டு வழியாக இறங்கிச் சருகுக்குள் புகுந்து கூடு கட்டும். அதைத்தான் இறங்குவது என்பார்.

“பார்வதம், போய்ப் பாத்துட்டு வாயேன். எத்தினி எறங்கிச்சுன்னு சொல்லு.”

முதல் நாள் நிஜமாகவே போனாள். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, பாம்பைப் பார்ப்பதுபோல் இரண்டு கை தூரத்தில் நின்று பார்த்தாள். பழுப்பாக இரண்டு, தண்டில் இறங்கி வந்து சருகுக்குள் மறைந்தன. முதுகெல்லாம் வேர்த்துப்போய்த் திரும்பி வந்து “ரெண்டு” என்றாள். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மறுநாளிலிருந்து அவள் கடைசிப் படியோடு நின்றுகொண்டாள். தெருவில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய் “மூணு” என்றாள். அடுத்த நாள் “ரெண்டு.” பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே, அதற்கு அடுத்த நாள் “இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று ஒரு நாளைச் சும்மாவும் விட்டாள். அந்தப் பொய் ‘ரெண்டு’ சொன்ன நாளில்தான் செடிக்குள்ளிருந்து ஒரு செம்போத்து படபடவென்று வெளியே வந்து மதில்மேல் உட்கார்ந்தது. அதன் மூக்கில் பச்சையாக ஏதோ தொங்கியது. மைனாக்களும் காலையில் வந்துகொண்டுதான் இருந்தன. அதையெல்லாம் உள்ளே போய்ச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், மிச்சம் நாலையும் போட்டுக் கணக்கை முடித்தாள்.

“பதினொண்ணும் எறங்கிடுச்சுங்க.”

“பதினொண்ணுமா?”

“பதினொண்ணும்.”

“அப்பாடா.” கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இனிமே பத்து, பன்னண்டு நாளு. ரெக்க வந்து வெளிய வர்ற அன்னிக்கு என்னிய தூக்கிகினு போயாவது செடியாண்ட ஒக்கார வெச்சிடு. ஆனந்தன கூப்ட்டு வெச்சிக்கோ,” என்றார்.

“சரிங்க.”

ஒன்பதாம் நாள் போய்விட்டார். மத்தியானம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு போனபோது தலை சாய்ந்திருந்தது. அந்த ‘அப்பாடா’தான் பார்வதத்தை அறுத்துக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டுத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். பெண்டாட்டி எட்டு அடி எடுத்து வைத்துப் பார்க்க அலுத்துச் சொன்ன பொய்யில் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன்.

ஞானம்மாள் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். பூவும் பொரியும் ஊதுவத்திச் சாம்பலுமாக ஹாலின் குப்பை அவளுக்கு முன்னால் உருண்டு வந்தது.

“காலை மடக்கும்மா,” என்றாள் பார்வதத்திடம். பார்வதம் காலை மடக்கினாள். துடைப்பம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே ஸ்வாதி தண்ணீரை ஊற்றித் தள்ளினாள். புடவையின் ஓரம் நனைந்தது.

ஒரு கணம் பார்வதத்துக்கு, பெருக்கட்டுமே என்றுகூடத் தோன்றியது. சருகு போனால் பொய்யும் அதோடு போய்விடும். உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்க வேண்டியவர் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். இன்றைக்கு உட்கார்ந்திருப்பதுதான் முறையும்கூட.

ஆனால் முதல் நாள் இறங்கிய அந்த இரண்டு? அது பொய் இல்லை. அவள் கண்ணால் பார்த்தது.

ஞானம்மாள் படியிறங்கினாள். வாசலில் மிதிபட்ட சாமந்தியையும் ரோஜா இதழ்களையும் கூட்டிக்கொண்டே நந்தியாவட்டை அடிக்கு வந்தாள். குனிந்து துடைப்பத்தைச் சருகுக்குள் விட்டாள்.

“அண்ணி, நிறுத்துங்க!”

குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரலைக் கேட்டுப் பார்வதமே திடுக்கிட்டாள். எழுந்து, ஈரத்தில் வழுக்கி, தூணைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள்.

“இன்னாம்மே எயுந்துகின? ஒக்காரு போ. இன்னும் ஊடு முடியல.”

“அத மட்டும் வுட்டுடுங்க அண்ணி. அந்தச் சருகத் தொடாதீங்க.”

“இன்னா பேசற நீ? சாவு ஊட்டுக் குப்பைய வாசல்ல வெச்சிகினு குடித்தனம் பண்ணுவியா?” ஞானம்மாளுக்குக் குரல் உடைந்தது. “என் தம்பி போன ஊடு இது. ஒரு எல மிஞ்சினாலும் போனது போவாது, ஊட்டையே சுத்திகினு கெடக்கும். நாளிக்கு ஆனந்தனுக்கு ஒண்ணுன்னா நீயா ஜவாப் சொல்லுவ? என் தம்பி உயிரோட கீறப்ப இந்தக் குப்பைய பெருக்கச் சொல்லி நீதான எங்கிட்ட வந்து அய்த? இப்ப இன்னா?”

அது உண்மைதான். சென்னீர்குப்பத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கே போய், உங்க தம்பிக்குப் புத்தி சொல்லுங்க அண்ணி என்று அழுதவள்தான் பார்வதம்.

“அத்தை, அம்மா கேக்கறாங்க இல்ல, அத அப்புறம் பாத்துக்கலாமே,” என்றாள் ஸ்வாதி மெதுவாக.

“அப்பறம் இன்னா அப்பறம்? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிக்கணும்.”

துடைப்பம் மறுபடியும் குனிந்தது. பார்வதம் அதன் நுனியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

“நான் அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன் அண்ணி.”

ஞானம்மாள் நிமிர்ந்தாள்.

“தெனம் கேட்டாரு. புழு எத்தனை எறங்கிச்சு, எத்தனை எறங்கிச்சுன்னு. நான் ஒரே ஒரு நாள்தான் பாத்தேன். மத்த நாளெல்லாம் படியிலயே நின்னுட்டு வாய்க்கு வந்ததச் சொன்னேன். எல்லாம் நல்லபடியா எறங்கிடுச்சுன்னு சொன்னேன். பறவை தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன் அண்ணி, பாத்துட்டும் சொன்னேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “உள்ள இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரியாது. பெருக்கிட்டா எப்பவுமே தெரியாது.”

திருவள்ளூர் பக்கம் போகிற மின்சார ரயில் ஒன்று நீளமாகக் கடந்து போனது.

“நம்பிகினானா?” என்றாள் ஞானம்மாள்.

“நம்பிட்டாரு. அப்பாடான்னாரு.”

அதைச் சொன்னதும்தான் பார்வதத்துக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராதது, வாசலில் எல்லார் எதிரிலும், வெட்கமில்லாமல் வந்தது. ஞானம்மாள் அவளைத் தேற்றவில்லை. துடைப்பத்தை மதிலோரம் சாய்த்து வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு செடிக்கு அந்தப் பக்கம் மெல்ல உட்கார்ந்தாள்.

“எத்தினி சொன்ன?”

“பதினொண்ணு.”

“பாரு. நீதான் சொன்ன, நீதான் பாக்கணும்.”

பார்வதம் இந்தப் பக்கம் மண்டியிட்டாள். கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடியும் நீட்டினாள். மேல் சருகு மொடமொடவென்று நொறுங்கியது. அதற்குக் கீழே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் குளிர்ச்சியாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மண்புழு. இரண்டு நத்தை ஓடு. அரிசிப் பொரி நாலைந்து. வேறு ஒன்றும் இல்லை. விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அருவருப்பா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

இரண்டு இலைகளை நூலால் தைத்ததுபோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தாள். உள்ளே பேரீச்சங்கொட்டையைவிடப் பெரிதாக, இளம்பழுப்பில், முதுகில் ஒரு கறுப்புக் கோட்டோடு இருந்தது. கொட்டை என்றே முதலில் நினைத்தாள். விரல் பட்டதும் அது வாலை ஒரு தரம் ஆட்டியது.

“அய்யோ,” என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

“உள்ள கீதா?” என்றாள் ஞானம்மாள்.

“இருக்குது அண்ணி. உசுரோட இருக்குது.”

“ஒண்ணு,” என்று உரக்க எண்ணினாள் ஞானம்மாள்.

பக்கத்திலேயே இரண்டாவது. தண்டுக்கு அருகில் மூன்றாவது. அதைக் கண்டதும் பார்வதத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இது அவள் பார்க்காதது. அவள் பொய்யில் இருந்தது, தானாக நிஜமாகி இங்கே கிடந்தது. நாலாவதுக்கு மண்ணையே கிளற வேண்டியிருந்தது. குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார்கள். ஸ்வாதி குனிந்து பார்த்து மாமியாரின் தோளில் கை வைத்தாள்.

அதற்குப் பிறகு இல்லை. வேர்வரை பார்த்தாள். எடுத்து வைத்த இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செம்போத்தின் மூக்கில் தொங்கிய பச்சை கண்ணில் வந்து வந்து போனது.

“நாலுதான் அண்ணி,” என்றாள். குரல் எழும்பவில்லை.

ஞானம்மாள் தன் பக்கத்துச் சருகுக்குள் இரண்டு கையையும் விட்டாள். அழுகையில் கழற்றிய மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாளோ, போட்டிருக்கவில்லை. முகத்தைச் செடிக்குக் கிட்டே கொண்டுபோய், விரல்களால் தடவித் தடவிப் பார்த்தாள். நெடுநேரம் தேடவில்லை.

“இந்தாண்ட ஏழு கீது,” என்றாள்.

பார்வதம் நிமிர்ந்தாள். எட்டிப் பார்க்க எழுந்தபோது, ஞானம்மாளின் இரண்டு உள்ளங்கைகளும் சருகின்மேல் விரிந்து அதை அமுக்கி மூடியிருந்தன.

“தொறந்து தொறந்து பாத்தினா கெட்டுப் பூடும். உன்னுதையும் மூடு.”

“ஏழா அண்ணி?”

“ஏழுதான். எனக்கு எண்ணத் தெரியாதா?”

பார்வதம் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். ஞானம்மாள் அவளைப் பார்க்கவில்லை. நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்வதம் அந்தப் பக்கம் போகவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே மறுபடியும் உட்கார்ந்து, எடுத்து வைத்த இலைகளை ஒவ்வொன்றாக அந்த நாலின்மேல் பழையபடி அடுக்கினாள்.

ஞானம்மாள் கிளையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சருகுக்குள் கலந்திருந்த பொரியையும் ரோஜா இதழ்களையும் மட்டும் விரலால் பொறுக்கித் தெருப்பக்கம் போட்டாள். ஸ்வாதி பக்கெட்டைத் தூக்கிச் சாய்க்கப் போனாள்.

“அப்டியே கவுக்காத. இங்க குடு. சொம்பு ஒண்ணு கொண்டா.”

சொம்பு வந்தது. ஞானம்மாள் குனிந்து, செடியைச் சுற்றி ஒவ்வொரு சொம்பாக ஊற்றிக்கொண்டே போனாள். தண்ணீர் செடிப்பக்கம் திரும்பப் போன இடத்தில் கால் கட்டைவிரலால் மண்ணை அணைத்துத் தடுத்தாள். வாசல் முழுவதும் நனைந்து, கேட் வழியாகத் தண்ணீர் தெருவுக்கு ஓடியது. செடிக்கடியில் ஒரு வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது.